மோன்ஷ்ஸ்பெஃபர்: மிளகு அல்லாத துறவி மிளகு

ஜெர்மானிய மூலிகை நூல்களிலும் மருந்து உறைகளிலும் காணப்படும் 'மோன்ஷ்ஸ்பெஃபர்' என்பது, மத்தியதரைக் கடலோர நாடுகள் முதல் நடு ஆசியா வரை இயல்பாக வளரும் ஒரு புதர்ச்செடியின் பெயர். 'மோன்ஷ்' துறவியையும் 'பெஃபர்' மிளகையும் குறிக்கும். இதன் உலர்ந்த கனி உருண்டையாக, மிளகளவில், கருமை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். கடித்தால் காரமும் உண்டு. மடங்களில் வாழ்ந்த துறவிகள் மிளகுக்குப் பதிலாக இதை உணவில் சேர்த்தார்கள் என்றும், காம உணர்வை இது தணிக்கும் என நம்பினார்கள் என்றும் பெயருக்குக் காரணம் கூறுவர்.

ஆங்கிலத்தில் இதைச் சொல்லுக்குச் சொல் 'மங்க்ஸ் பெப்பர்' என்று பெயர்த்தால் பிழையில்லை. அப்பெயர் அங்கும் வழங்குகிறது. ஆயினும் செடியை 'சேஸ்ட் ட்ரீ' (கற்பு மரம்) என்றும், மருந்தாகும் கனியை 'சேஸ்ட்பெரி' என்றும் குறிப்பதே பெருவழக்கு. ஐரோப்பிய மருந்துத் தரநூல் இவை இரண்டையும் விட்டு, 'அக்னஸ் காஸ்டஸ் ஃப்ரூட்' என்கிறது. ஆகவே தோட்டக்கலை நூலுக்கும் மருந்துக் குறிப்புக்கும் ஒரே ஆங்கிலப் பெயரை இடுவது பொருந்தாது.

ஜெர்மன் மொழியில் இச்செடிக்கு 'கொய்ஷ்லம்' என்ற இன்னொரு பெயரும் உண்டு. 'கற்புடைய ஆட்டுக்குட்டி' என்பது இதன் நேர்ப்பொருள். செடிக்கும் ஆட்டுக்கும் என்ன தொடர்பு என்றால், ஒன்றும் இல்லை. கிரேக்கர் இதனை 'அக்னோஸ்' என்றழைத்தனர். ஒலியில் நெருங்கிய 'ஹக்னோஸ்' என்ற சொல்லுக்குத் தூய, கற்புள்ள என்று பொருள். வேளாண் தெய்வமான டெமிட்டருக்குக் கிரேக்கப் பெண்கள் எடுத்த தெஸ்மோஃபோரியா விழாவில் கற்பு நோன்பிருந்தோர் இதன் தழையைப் படுக்கையாக விரித்ததால் இப்பெயர் வந்தது என முதல் நூற்றாண்டு மருத்துவரான டயோஸ்கோரிடீஸ் எழுதியிருக்கிறார். பின்னர் அந்தக் கிரேக்கப் பெயர், லத்தீனில் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'அக்னுஸ்' என்ற சொல்லோடு மயங்கியது. கற்பைச் சுட்டும் 'காஸ்டுஸ்' அதன் பக்கத்தில் சேர்ந்தது. 1753-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட 'வைடெக்ஸ் அக்னஸ்-காஸ்டஸ்' என்ற தாவரவியல் பெயர் இந்த மயக்கத்தை நிலைப்படுத்திவிட்டது. கற்பை ஒரே பெயரில் இருமுறை சொல்லி, நடுவே ஓர் ஆட்டையும் நுழைத்த பெயர் வேறு எந்தச் செடிக்கும் வாய்த்திருக்காது.

பேரினப் பெயரான 'வைடெக்ஸ்' தமிழருக்கு அந்நியமன்று. நம் நொச்சியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது, அதன் தாவரவியல் பெயர் 'வைடெக்ஸ் நெகுண்டோ'. விரல்களைப் போல் பிரிந்த கூட்டிலையும் ஊதா சார்ந்த பூங்கொத்தும் இரண்டுக்கும் பொது. அதனால் மோன்ஷ்ஸ்பெஃபரைச் சிலர் வெறுமனே 'நொச்சி' என்று எழுதிவிடக்கூடும். அது தவறு. நொச்சியில் பெரிதும் இலைதான் மருந்தாகிறது. மோன்ஷ்ஸ்பெஃபரிலோ, மாதவிடாய்க்கு முந்தைய உபாதைகளுக்குக் கனியைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'துறவி மிளகு' என்பதும் இடர் தரும், ஏனெனில் கறிமிளகோடு இதற்குத் தாவர உறவே இல்லை. பேரினம் விளங்கவும் ஜெர்மானியப் பெயரின் குறிப்பு கெடாமலிருக்கவும் 'துறவி நொச்சி' என வழங்கலாம் என்பது என் கருத்து. மருந்துக் குறிப்பானால் 'துறவி நொச்சிக் கனி' என்று பகுதியையும் சேர்த்து, தாவரவியல் பெயரை உடன் தருவதே பாதுகாப்பானது.