மூக்கைக் கழுவ எந்தத் தண்ணீர்?

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமானதும், காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தேடி வருவோரின் கூட்டம் டெல்டா மாவட்டங்களில் கூடிவிடுகிறது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் பறக்கும் பதரும் சுணையும், கொள்முதல் நிலையங்களில் நெல்லைத் தூற்றும்போது எழும் தூசியும், அரவை மில்லின் தவிட்டுத் தூளும், மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலில் படியும் பூஞ்சணமும் பனியோடு சேர்ந்து மூக்கின் உட்தோலை வீங்க வைக்கின்றன. வருபவர்களில் பெரும்பாலோர் எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்திருப்பார்கள். மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை இழுத்திருப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார்கள். அண்மைக் காலமாகக் கைப்பேசியில் காணொளி பார்த்து உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவோரும் பெருகியிருக்கிறார்கள். இவற்றுள் நான் மனமுவந்து பரிந்துரைப்பது இந்தக் கடைசி முறையைத்தான். நான் அதிகமாகக் குறுக்குக் கேள்வி கேட்பதும் இதைப் பற்றித்தான்.

கன்னத்து எலும்புகளுக்குள்ளும், நெற்றியிலும், இரு கண்களுக்கு நடுவிலும், மூக்கின் பின்புற ஆழத்திலும் சைனஸ் எனப்படும் நான்கு இணைக் காற்றறைகள் இருக்கின்றன. அவற்றில் ஊறும் சளி ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னத்து அறையின் வாய் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் அமைந்திருப்பதால், அங்குள்ள சளி தானாக வழிந்து வர முடியாது; கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்து, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துவாரத்தின் வழியாக மூக்குக்குள் சேர்க்கின்றன. ஒவ்வாமையாலோ சளிக்காய்ச்சலாலோ அந்தத் துவாரத்தைச் சுற்றியுள்ள தோல் வீங்கிவிட்டால், வடிகால் தூர்ந்த வயலில் மழைநீர் நிற்பதைப் போல உள்ளே சளி தேங்கிவிடும். குனிந்தால் முகத்தில் பாரம், மணம் தெரியாமை, தொண்டைக்குள் சளி இறங்குதல், இரவில் வாயால் மூச்சு விடுதல் எல்லாம் அதன் பிறகு வருபவை.

கழுவும் தண்ணீர் இந்த அறைகளுக்குள்ளேயே புகுந்து சுத்தம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். சைனஸ் அறுவை சிகிச்சை செய்துகொள்ளாத மூக்கில், அறைக்குள் போகும் தண்ணீர் மிகச் சொற்பமே. அது கழுவுவது வெளிப்பாதையை. ஒட்டிக்கொண்ட தூசி, மகரந்தம், கெட்டிச் சளி, வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்கள் ஆகியவற்றை அது அடித்துக்கொண்டு போகிறது. உட்தோல் ஈரம் பெற்று நுண்மயிர்களின் ஓட்டமும் சீராகிறது. நாள்பட்ட சைனஸ் அழற்சிக்கு உப்புநீரால் கழுவுவதை 2020-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டு நெறிகளும் பரிந்துரைக்கின்றன. எனினும் அற்புதம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். இதனால் நல்ல பயன் பெறுபவர்களாக நான் காண்பவர்கள், தூசியில் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு அன்று மாலையே மூக்கைக் கழுவிவிடுபவர்களும், ஒவ்வாமைத் தும்மல் உள்ளவர்களும், அறுவை சிகிச்சை முடித்தவர்களும்தான். மாத்திரைகளைக் கூடியவரை தவிர்க்க வேண்டிய கர்ப்பிணிகளுக்கும் இது நல்ல துணை. வாரம் பத்து நாளில் தானே போகும் சாதாரணச் சளியில் கழுவுதல் நாட்களைச் சற்று இலகுவாக்கும், அவ்வளவே. இடையில் சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதைக் கண்டு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. நிறம் மட்டுமே பாக்டீரியாவுக்குச் சான்றாகாது.

சட்டைப் பையிலுள்ள சொட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் கலந்த சொட்டுகள் அடைப்பை நிமிடங்களில் திறந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் அடங்கியதும் முன்னைவிட மோசமாக மூக்கு அடைத்துக்கொள்ளும். பிறகு சொட்டு இல்லாமல் தூக்கம் வராது. அந்தப் பழக்கத்திலிருந்து ஒருவரை மீட்பது, அடைப்பைக் குணப்படுத்துவதைவிடக் கடினமான வேலை. மூக்கைக் கழுவுவதில் இப்படிப்பட்ட அடிமைத்தனம் இல்லை.

இனித் தண்ணீர். திருவையாற்றுப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர், நான் கொதிக்க வைத்த தண்ணீரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டார். “ஆத்துல முழுவி எழுந்து வளந்த உடம்பு டாக்டர் இது. மூக்குல தண்ணி ஏறாத நாளா? இப்ப என்ன ஆயிடப் போவுது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆற்றில் குளித்த கோடிக்கணக்கானோருக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால், அறிந்தே நாள்தோறும் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீரை மூக்கின் உச்சி வரை செலுத்துவது வேறு காரியம். மூக்கின் கூரையில், சல்லடை போல் துளைகளுள்ள மெல்லிய எலும்பின் வழியாக மண நரம்புகள் மூளைக்குச் செல்கின்றன. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபாவுக்கு அதுவே வாசல். தேங்கிய, வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அது 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பெருகக்கூடியது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும், அதிலிருந்து பிழைத்தவர்கள் உலகெங்கிலும் மிகச் சிலரே. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர், குழாய்த் தண்ணீரை, மூக்கைக் கழுவும் மூக்குவைத்த சிறு பாத்திரமான நேத்திக் குவளையில் ஊற்றி மூக்கைக் கழுவியதால் இந்த நோய் கண்டு இறந்தார்கள். 2024-இல் கேரளத்தின் வட மாவட்டங்களில் நீர்நிலைகளில் குளித்த சிறுவர் சிறுமியர் இதனால் இறந்த செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். இது மிக மிக அரிதான நோய். ஒரு நிமிடக் கொதியில் தவிர்த்துவிடக்கூடிய ஆபத்தை, அரிதானது என்பதற்காக ஏன் மூக்குக்குள் விட வேண்டும் என்பதே அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில்.

ஆகவே தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க விட்டு, அதன் பிறகும் குறைந்தது ஒரு நிமிடம் அடுப்பில் வைத்திருந்து, மூடியபடியே ஆற வைத்து, கைபொறுக்கும் வெதுவெதுப்பில் பயன்படுத்த வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் வாலை வடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்) பொருத்தமானதே. மோட்டார் போட்டு மாடித் தொட்டியில் ஏற்றிய தண்ணீர் சித்திரை வெயிலில் நாள் முழுதும் சுட்டுக் கிடக்கிறது. பஞ்சாயத்துக் குழாயில் கலந்த குளோரின் அங்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் குடிப்பதற்கென்று சுத்திகரிக்கப்பட்டவை. கிருமியே இல்லாதவை என்று அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றையும் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். கலக்கும் உப்பே கிருமியைக் கொன்றுவிடும் என்பதும் நம்பத் தகுந்ததன்று. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் போர்த் தண்ணீரே உப்புக் கரிக்கிறது. ‘தனியாக உப்புப் போட வேண்டியதில்லையே’ என்று அதை அப்படியே பயன்படுத்தியவரையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உப்பு, என்னென்ன உப்பு என்று தெரியாத தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் மூக்குக்கு ஆகாது.

உப்பின் அளவு நம் உடல் திரவத்தோடு ஒத்துப்போக வேண்டும். அது 0.9 சதவீதம், அதாவது அரை லிட்டருக்கு நாலரை கிராம். உப்பே இல்லாத தண்ணீரோ அளவு மீறிய உப்போ சுருக்கென்று எரியும். அந்த ஒரு முறையோடு முயற்சியைக் கைவிட்டவர்கள் ஏராளம். தூள் உப்பை 5 மில்லி மருந்துக் கரண்டியில் தலைதட்டி, அதற்கும் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டால் அரை லிட்டருக்குச் சரியாக இருக்கும். எரிச்சல் தெரிந்தால் கால் கரண்டி ஆப்பச்சோடாவைச் சேர்க்கலாம். உப்பளத்துக் கல் உப்பில் மண்ணும் ஈரமும் இருக்கும், கரண்டி அளவும் ஏறி இறங்கும். பாக்கெட் தூள் உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் சிலருக்கு உறுத்தலைத் தரும். எனவே மூக்கைக் கழுவுவதற்கென்றே விற்கும் சிறு பொட்டலங்களை வாங்குவதே நல்லது. இன்னொரு வழியும் இருக்கிறது. ஊசி மருந்தாக ஏற்றும் ‘நார்மல் சலைன்’ பாட்டில் அரை லிட்டர் அளவில் கிடைக்கிறது. அது கிருமி நீக்கப்பட்டது, உப்பும் சரியான அளவில் இருக்கிறது. கடையில் ‘குளுக்கோஸ் பாட்டில்’ என்று கேட்டால் சர்க்கரை கலந்த வேறொன்றைக் கொடுத்துவிடுவார்கள். பெயரைச் சொல்லிக் கேட்டு, ஒட்டியிருக்கும் தாளைப் படித்து வாங்க வேண்டும். திறந்த பாட்டிலில் மிஞ்சுவதை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். வீட்டில் கலந்த நீருக்கும் இதே விதிதான்.

கழுவும் முறையை வாயால் சொல்வதைவிட, கைகழுவும் தொட்டியின் முன் நிறுத்திக் காட்டிவிடுவதே என் வழக்கம். கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றும் ஓர் அம்மா முதல் முறை, மூக்கைக் கழுவுவதற்கான அமுக்கும் பாட்டிலை மூக்கில் வைத்ததும் முகத்தை அண்ணாந்துவிட்டார். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறியது. பெரும்பாலோர் செய்வது இதைத்தான். “குனிஞ்சு கீழே பாருங்கம்மா, வாயைத் திறந்து வச்சுக்குங்க, ‘ஆ’ன்னு சொல்லிக்கிட்டே மெதுவா அமுக்குங்க” என்றேன். அண்ணத்தின் பின்பகுதி மேலெழுந்து தொண்டைப் பாதையை அடைக்க அந்த ஒலி உதவுகிறது. இரண்டாம் முறை, வலது துவாரத்தில் விட்ட தண்ணீர் இடது வழியாக வந்து வெள்ளைத் தொட்டியில் விழுந்தது. கூடவே பழுப்பு நிறச் சளி இழைகளும், உமியின் துணுக்கு ஒன்றும். அதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு துவாரத்துக்குச் சுமார் 100 முதல் 120 மில்லி போதும். பீச்சியடிக்கக் கூடாது, தண்ணீர் தன் போக்கில் வழிந்து வர வேண்டும். முடிந்ததும் இரண்டு துவாரங்களையும் திறந்தபடியே மெல்லச் சிந்த வேண்டும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் தண்ணீரும் சளியும் நடுக்காதுக்குப் போய்க் காதை அடைக்கும். பிறகு ஒரு முறை நன்றாகக் குனிந்து, தலையை இருபுறமும் சாய்த்தால் உள்ளே தங்கிய தண்ணீர் வடிந்துவிடும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான், பின்னர் செருப்பு மாட்டக் குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. படுக்கப் போகும் நேரத்தில் கழுவாமல் ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்துக்கொள்வது நல்லது. மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருந்தால், கழுவிப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் கழித்து அதை அடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மருந்தும் தொட்டியில் போய்விடும். தொல்லை இருக்கும் நாட்களில் காலையும் மாலையும், குறைந்தபின் ஒரு வேளை போதும். எல்லோரும் வாழ்நாள் முழுதும் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பாட்டிலை ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, மூடாமல் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடலாம். ஒரே பாட்டிலை வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவது கூடவே கூடாது.

மூக்கு முழுதாக அடைத்து ஒரு பக்கமும் காற்றே போகாத நிலையில் கழுவக் கூடாது. காதில் சீழ் வடிபவர்கள், அண்மையில் காதிலோ தலையிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர்கள், விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிறு குழந்தைகளைப் பிடித்து அமுக்கி ஊற்றுவதைவிட, உப்புநீர்ச் சொட்டோ ஸ்பிரேயோ போதுமானது.

கழுவிக்கொண்டே காலத்தைக் கடத்தக் கூடாத நிலைமைகளும் உள்ளன. மூக்கில் ஒழுகலோ அடைப்போ இல்லாமல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல், குமட்டலோடு வரும் நெற்றி வலி பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியே. அதற்கு எத்தனை பாட்டில் தண்ணீர் விட்டாலும் பயனில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால், பெரியவர்களுக்கு மேல்வரிசைச் சொத்தைப் பல்லின் வேரோ, பூஞ்சைக் கட்டியோ, அரிதாகப் புற்றோ காரணமாக இருக்கலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே கிடக்கும். பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் தொல்லை நீடித்தால் உள்நோக்கிப் பரிசோதனை (எண்டோஸ்கோப்பி) தேவை. கண் இமை வீக்கம், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், கடும் காய்ச்சலோடு கழுத்து இறுகுதல், பிதற்றல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அண்மையில் மூக்கைக் கழுவியதையோ, குளத்திலோ வாய்க்காலிலோ குதித்துக் குளித்ததையோ மருத்துவர் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் கன்னம் மரத்துப்போய், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புப் பொருக்கு தெரிந்தால், 2021-இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் நாம் கண்ட கறுப்புப் பூஞ்சை நோயாக அது இருக்கக்கூடும். அதற்கு மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம், சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகவே கிளம்பிவிடுங்கள்.