போனைப் பிடுங்கினால் போதாது, பிள்ளையை வெளியே விடுங்கள்

ஜூனில் பள்ளி திறக்கும் நேரம் வந்தால் கண் மருத்துவமனையில் இந்தக் காட்சி தப்பாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போன வருடம் மைனஸ் ஒன்று, இந்த வருடம் மைனஸ் இரண்டு. கண்ணாடி எங்கே என்று கேட்டால் அம்மாவின் கைப்பையிலிருந்து டப்பா வெளியே வரும். “போட்டுப் பழகினா பவர் ஏறிடும்னு எடுத்து வச்சிருக்கோம் டாக்டர்.”

ஏறாது. கிட்டப்பார்வை என்றால் கண்விழி முன்பின்னாக நீண்டுவிட்டது என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர். வளரும் வயதில் அந்த நீட்சியும் தொடர்கிறது. ஆறு மாதத்தில் செருப்பு பத்தாமல் போனால், செருப்பு போட்டதால் கால் வளர்ந்தது என்றா சொல்கிறோம்? மைனஸ் இரண்டு உள்ள பிள்ளைக்கு அரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்: கரும்பலகை, பஸ் நம்பர், எதிரே வரும் வண்டி. “கொஞ்சம் கம்மியா எழுதிக் குடுங்க” என்று பேரம் பேசுகிறவர்களுக்கும் ஒரு தகவல். 2002-இல் வெளிவந்த மலேசிய ஆய்வில், பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது.

அடுத்து போன். அதைப் பிடுங்கிவிட்டு அதே அறையில் டியூஷன் நோட்டைக் கையில் கொடுத்தால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசமில்லை. அரை அடி தூரத்தில் மணிக்கணக்காகப் பார்ப்பது ஒரு பாதி என்றால், வெளிச்சப் பஞ்சம் மறுபாதி. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம் என்போம். திறந்த வெளியில் பகலில் 10,000 சாதாரணம், மர நிழலில்கூடச் சில ஆயிரம் வரும். சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விடாத பள்ளிகளில் 39.5. பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதை கொரோனா காட்டியது. ஷான்டோங் மாகாணப் பரிசோதனைகளில் ஆறு வயதினரிடம் அதுவரை 5.7 சதவீதத்தைத் தாண்டாத கிட்டப்பார்வை, 2020-இல் 21.5-ஐத் தொட்டது.

ஆகவே தினமும் இரண்டு மணி நேரம் வெளியில். பிரித்துக் கொடுக்கலாம்: காலை ஏழிலிருந்து எட்டு, மாலை நாலரையிலிருந்து ஐந்தரை. மைதானம் இல்லையென்றால் மொட்டை மாடி போதும். தொப்பி போடலாம், உச்சி வெயில் தேவையே இல்லை. ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு “வெளிச்சத்துலதானே இருக்கான்” என்று சொல்லாதீர்கள்.

படிக்கும்போது முழங்கையை மேசையில் ஊன்றினால் மடக்கிய விரல்கள் மோவாயைத் தொட வேண்டும். அதைவிடப் புத்தகம் கிட்டே வரக்கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து தூரத்தில் பார்க்கட்டும். படம் பார்த்தே தீருவேன் என்றால் போனைவிட டிவி மேல். படுத்துக்கொண்டு பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

கடையில் மெஷின் துப்பும் சீட்டை நம்பிப் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்காதீர்கள். குழந்தையின் கண் மெஷினுக்குள் பார்க்கும்போதே இறுகி, இல்லாத மைனஸைக் காட்டும். சொட்டு மருந்து விட்டு, கண் தளர்ந்த பிறகு பார்ப்பதுதான் உண்மையான பவர். ஒரு நாள் எழுத்து மங்கும், வெயில் கூசும். ஒரு நாள் ஹோம்வொர்க் போகட்டுமே!

ஏற்கெனவே பவர் வந்துவிட்டால் வெளிச்சம் மட்டும் அதை நிறுத்தாது. குறைந்த அடர்த்தி அட்ரோபின் சொட்டு, ஏறும் வேகத்தைக் குறைக்கும் தனி லென்ஸ்கள் உண்டு. மருத்துவர் பார்த்துத்தான் தருவார். கேரட்டும் நீல ஒளிக் கண்ணாடியும் அந்தப் பட்டியலில் இல்லை. “பதினெட்டு வயசுல லேசிக் பண்ணிடலாம்” என்று லேசர் அறுவை சிகிச்சையை நம்பியிருப்பதும் பாதி உண்மை. கண்ணாடி போகும், நீண்ட கண் நீண்டபடியே இருக்கும். மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்தும் கூடவே இருக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள். வரும்போது தம்பி தங்கையையும் கூட்டி வாருங்கள், முக்கியமாக அப்பா அம்மா இருவருமே கண்ணாடி போட்டிருந்தால். “அவனுக்கு நல்லாத் தெரியுது” என்பதைச் சொல்ல வேண்டியது ஒவ்வொரு கண்ணாக மூடி எடுக்கும் பரிசோதனைதான்.