விழுந்த மரம் எந்த இடத்தில் கிடக்கிறது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருப்பவர்களுக்கு, சாய்ந்த மரத்தைத் தோப்பில் போட்டுவைக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்கும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; புழு அதிலேயே வளர்ந்து வண்டாகிப் பக்கத்து மரத்தின் குருத்தைக் குடையும். உடனே அப்புறப்படுத்துவதுதான் சரி. ஆனால் அதே தோப்புக்காரர் வால்பாறையில் கொஞ்சம் எஸ்டேட் வாங்கினால், ஓடையோரச் சோலையில் விழுந்த மரத்தையும் அதே வேகத்தில் அறுத்து வண்டியேற்றிவிடுகிறார். காடு மீட்புப் பணிக்குப் போகும் இடங்களிலெல்லாம் என்னிடம் கேட்கப்படுவது இதுதான்: "ஏனுங்க, இந்த உளுத்த கட்டைய வெச்சுட்டு என்னங்க பண்றது? அடுப்புக்குக்கூட ஆகாதுங்களே!"

இதற்குத் தெளிவான விடை, பைன் போன்ற ஊசியிலை மரங்கள் வளரும் காடுகளில் கிடைக்கிறது. (நம் ஊர்ச் சவுக்கை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இலை ஊசி மாதிரி இருந்தாலும் அது பூக்கும் தாவரம்.) அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரத்தில், வால்பாறைக்கு ஈடாக மழை கொட்டும் காடுகள் உண்டு. அங்கே ஹெம்லாக், சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் கன்றுகளை எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது வியப்பானது. காட்டுத் தரையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே விழுந்த கட்டைகள் மூடியிருக்கின்றன. கன்றுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அந்தக் கட்டைகளின் மேல்தான் நிற்கின்றன.

மக்கிய மரம் நல்ல உரம், அதனால்தான் என்று தோன்றும். அது முழு விடை இல்லை. மரக்கட்டையில் தழைச்சத்து மிகக் குறைவு. உண்மையான தொல்லை தரையில் இருக்கிறது. பாசியும் பெரணியும் அடர்ந்து கிடக்கும் அந்தத் தரையில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஹெம்லாக் விதை முளைத்தாலும் மேலே வர வழியில்லை. கட்டையின் முதுகில் கொஞ்ச காலத்துக்கு இடம் காலியாக இருக்கும். அங்கேயும் பாசி தடித்துவிட்டால் கன்றுகள் சாகத் தொடங்கிவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் காரணம் வேறு: பனிக்கு அடியில் மண்ணிலிருந்து பரவும் ஒரு பூஞ்சை ஸ்ப்ரூஸ் நாற்றுகளைக் கொல்கிறது, கட்டை மேல் அந்தத் தாக்குதல் குறைவு.

விழுந்த மறுநாளே இது நடக்காது. பட்டை வழுவழுப்பாக இருக்கும்வரை தண்ணீர் நிற்காது, விதையும் தங்காது. கட்டை இளகி ஈரம் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். தப்பிப் பிழைக்கும் சில கன்றுகளின் வேர்கள் கட்டையின் இருபுறமும் வழிந்து இறங்கி மண்ணைத் தொடும். காலப்போக்கில் கட்டை முழுக்க மக்கிப்போன பிறகு, பெரிய மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குப் பொந்து.

இதை அப்படியே ஆனைமலைக்குப் பொருத்திவிட முடியாது. இங்கே வெடிப்பலா போன்ற மரங்களின் விதை பெரிது. சருகுக்குள்ளிருந்து முட்டி மேலே வரும் அளவுக்கு உணவு அதற்குள்ளேயே இருக்கிறது. உருண்டையான கட்டையின் மேல் அது நிற்கவும் நிற்காது. கட்டையால் பயன் பெறுபவை அத்தி இனங்கள், காட்டுக் காசித்தும்பை போன்ற சிறுவிதைக்காரர்களும், விதையே இல்லாமல் தூள் போன்ற வித்துகளால் பரவும் பெரணிகளும். ஜூலை மழையில் ஒரு பழைய கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சாக உள்வாங்கித் தண்ணீர் கசியும். சில கட்டைகள் செந்நிறச் சதுரத் துண்டுகளாக உதிரும், சில வெளுத்து நார்நாராகப் பிரியும். அரித்த பூஞ்சை வேறு வேறு என்பதால்தான் இந்த வேறுபாடு. எந்தப் பூஞ்சை அரித்தது என்பதைப் பொறுத்து மேலே முளைப்பதும் மாறுகிறது.

சத்தியமங்கலத்தின் வறண்ட காடுகளில் கதையே வேறு. அங்கே கட்டை கரையானுக்கும் கோடைத் தீக்கும் போய்விடும், நாற்று பிடிக்கும் ஈரமே அதில் தங்காது. ஆகவே கட்டையை விட்டுவைக்கும் இந்த யோசனை மழைச் சோலைக்கு மட்டும்.

உங்கள் சோலைத் துண்டில் மரம் விழுந்தால், பாதையை மறிக்கும் பகுதியை மட்டும் அறுத்து ஓரமாக உருட்டிவிடுங்கள். பட்டையை உரிக்க வேண்டாம், அழகுக்காகப் பாசியைச் சுரண்டவும் வேண்டாம், அதோடு நாற்றும் போய்விடும். சுற்றிலும் உண்ணிச்செடி மண்டினால் அதைப் பிடுங்குங்கள், வெளிச்சம் கிடைக்கும். ஓடைக்குக் குறுக்கே கிடந்தாலும் கீழே பாலமோ வீடுகளோ இல்லையென்றால் விட்டுவிடலாம். வெளியிலிருந்து கட்டை வாங்கிவந்து போடும் வேலை மட்டும் வேண்டாம். அதோடு எந்தப் பூச்சி, எந்த நோய் வரும் என்று சொல்ல முடியாது.