அரை மில்லிமீட்டருக்குள் மூன்று வழிகள்

மார்கழிக் குளிரிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து வெளுத்துவிடும். கோத்தகிரியில் அப்படியொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகளுக்குக் கிட்டப்பார்வை; இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஐந்து. "அத்தை, லேசர் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல் என்கிறார்கள். எது நல்லது?" என்று கேட்டாள்.

கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண்கோளம் சற்று நீண்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடும். எந்த லேசரும் கோளத்தைக் குட்டையாக்காது. கண்ணின் முன்புறம் இருக்கும் தெளிந்த படலமான கார்னியாவின் வளைவைத்தான் தட்டையாக்கும். 6 மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயாப்டருக்கு, அதாவது ஒரு பவருக்கு, சுமார் 12 மைக்ரான் திசுவை எடுக்க வேண்டும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அவளுடைய ஐந்துக்கு 60 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். எந்த முறையிலும் எடுக்கும் அளவு பெரிதாக மாறாது. எந்த வழியாகப் போய் எடுக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

பழையது பி.ஆர்.கே. கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு, அடியிலுள்ள திசுவை எக்சைமர் லேசரால் செதுக்குவார்கள். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அது. மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுப்பதால் பக்கத்துத் திசு வேகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது இந்த ஒளியைப் பாய்ச்சினார். கருகிய தடமே இல்லாமல் வெட்டு விழுந்தது. அவரும் சக ஆய்வாளர்கள் இருவரும் கண்டதுதான் பின்னர் கண் சிகிச்சையானது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

மேல்தோல் சில நாட்களில் வளர்ந்துவிடும். அதுவரை வலி, பார்வை முழுதாகத் தெளியச் சில வாரங்கள். ஆறும்போது புற ஊதாக் கதிர் அதிகம் பட்டால் கார்னியாவில் மங்கல் படியக்கூடும். நீலகிரியில் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. உயரம் ஏற ஏற அந்தக் கதிர் வலுக்கிறது, மேகமூட்டமும் அதை முழுதாகத் தடுப்பதில்லை. பல மாதங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

லேசிக்கில் மேலே சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மூடியை அறுத்து, ஒரு பக்கம் ஒட்டியபடியே திருப்பி வைத்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு மறுநாளே பார்வை தெளிந்துவிடும். ஆனால் அந்த மூடி பழைய உறுதியை அடைவதில்லை. கண்ணில் பலமான அடி விழுந்தால் ஆண்டுகள் கழித்தும் விலகக்கூடும். நுண்நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண் வறளும்.

ஸ்மைல் முறையில் மூடி இல்லை. மிக மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் ஃபெம்டோ லேசர் கார்னியாவுக்குள்ளேயே வில்லை வடிவில் ஒரு துண்டை வரைந்துவிடும். மருத்துவர் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதை உருவி எடுப்பார். பிளம்ஸ் பழத்தைச் சிறிதாகக் கீறிக் கொட்டையை மட்டும் எடுப்பது போல. நரம்புகள் குறைவாக அறுபடும். ஆனால் கொஞ்சம் பவர் மிஞ்சிவிட்டால் இதே முறையில் திருத்துவது கடினம், பெரும்பாலும் பி.ஆர்.கே.வுக்கோ லேசிக்குக்கோ போக வேண்டும்.

அவளிடம் நான் வற்புறுத்திச் சொன்னது வேறு. கார்னியாவே அரை மில்லிமீட்டர்தான். 500 மைக்ரான் என்றால், லேசிக்கில் மூடிக்கு 110, செதுக்க 60 போக, தாங்குவதற்கு 330 மிஞ்சும். 250க்குக் கீழே போகவே கூடாது. பவர் கூடி, கார்னியா மெலிந்திருந்தால் கணக்கு இடிக்கும்; அப்போது பழைய பி.ஆர்.கே.தான் கைகொடுக்கும். தடிமனைவிட வடிவம் முக்கியம். கார்னியா கூம்பாகப் புடைக்கும் நோயின் தொடக்கம் சிலருக்குத் தெரியாமலே இருக்கும். அவர்களுடைய கார்னியாவைச் செதுக்கினால் அது மேலும் தளர்ந்து பார்வையே கெடலாம். இதைக் காட்டுவது கார்னியாவின் வரைபடச் சோதனை. அதை அவசரமாக முடித்து அறுவைக்குத் தேதி கொடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடு என்றேன்.

கோவையில் அவளுக்குச் சோதனை அடுத்த மாதம். கான்டாக்ட் லென்ஸ் கார்னியாவை அழுத்தி வடிவத்தை மாற்றிவைக்கும் என்பதால், வெளியூருக்கென்று வைத்திருந்த லென்ஸை இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.