எஞ்சின் வேலை முடிந்ததும் ஆயில் கசிகிறதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்த கார் சில நாளிலேயே பட்டறைக்குத் திரும்பி வந்தால், பெரும்பாலும் ஆயில் லீக் புகாராகத்தான் இருக்கும். குனிந்து பார்த்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் நனைந்திருக்கும். உடனே 'பின்பக்க கிராங்க் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்' என்று தீர்ப்பு வந்துவிடும் (கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையம்தான் அந்த சீல்). புது சீல் போட்டு எல்லாவற்றையும் ஏற்றிய பிறகும் அதே இடத்தில் சொட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் எங்கே கசிந்தாலும் கடைசியில் எஞ்சினின் பின்பக்க அடியில்தான் வந்து சேரும். எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பின் மூலையில் கசிவது, எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடான பெல் ஹவுசிங் மேல் இறங்கி, சீல் கசிவு போலவே தெரியும். நனைந்திருக்கும் பகுதிகளில் மிக உயரத்திலும் முன்பக்கமாகவும் இருப்பது எது என்றுதான் தேட வேண்டும்.

முதல் வேலை கழுவுவது. பூட்டும்போது சிந்திய ஆயில் போல்ட் குழிகளில் தேங்கி, எஞ்சின் சூடானதும் இளகி, சில நாள் வடியும். அது லீக்கே இல்லை. ஆல்டர்நேட்டரையும் வயர் கனெக்டர்களையும் மூடி, டீகிரீசர் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, சந்தேகமான இணைப்புகளின் மேல் டால்கம் பவுடர் தூவுங்கள். 10, 15 நிமிடம் ஓடவிட்டால் கசியும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு தெரியும். கண்ணுக்கு எட்டாத இடம் என்றால் ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயம் கிடைக்கிறது. அதற்குரிய விளக்கை அடித்தால் கசிந்த தடம் ஒளிரும். புது ஆயில் வெளிர் நிறம், வெறும் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும்.

எப்போது கசிகிறது என்பதையும் கவனியுங்கள். ஓடும்போது மட்டும் வேகமாக வடிந்தால் ஆயில் அழுத்தத்தோடு போகும் பாதையில் தேடுங்கள்: பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், பிளாக்கில் ஆயில் ஓடும் துளைகளின் முனையை அடைக்கும் ஆயில் கேலரி பிளக்குகள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரைத் திருகியிருந்தால் ஸ்டார்ட் செய்ததுமே ஆயில் பீய்ச்சும். எஞ்சினை அப்போதே அணைத்துவிட வேண்டும். நிறுத்தி வைத்த பிறகும் மெல்லச் சொட்டினால் எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் கேஸ்கெட், டிரெயின் பிளக் வாஷர் பக்கம் போகலாம்.

அப்புறம் பிரீதர். என் அனுபவத்தில் இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். சிலிண்டரில் எரியும் வாயு கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள் (கிராங்க் சுழலும் எஞ்சினின் அடிக்கூடு) எப்போதும் இறங்கும். ரிங் புதிது, சிலிண்டரோடு இன்னும் படியவில்லை என்றால் அது சற்று அதிகமாகவே இருக்கும். அதை வெளியேற்றத்தான் பிசிவி வால்வும் பிரீதர் ஹோஸும். வால்வு அடைத்திருந்தாலோ, ஹோஸ் மடங்கியிருந்தாலோ, பூட்டும்போது இடம் மாற்றிச் செருகியிருந்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த சீலை மாற்றினால் அடுத்தது கசியும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு காகிதத்தை வைத்துப் பாருங்கள். (சில எஞ்சின்களில் சூடான ஆயில் தெறிக்கும், கையும் முகமும் ஜாக்கிரதை.) காகிதம் லேசாக உள்ளே இழுபட்டால் சரி. விடாமல் மேலே தள்ளினால் பிரீதரைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகும் தள்ளினால் ரிங்கையும் சிலிண்டரையும் சோதிக்க வேண்டும்.

பல எஞ்சின்களில் டைமிங் கவர், ஹெட், பிளாக் சந்திக்கும் மூலைகளில் ஒரு பொட்டு சீலன்ட் வைக்க வேண்டியிருக்கும். விட்டால் கசியும். அதற்காக எல்லா இடத்திலும் அள்ளிப் பூசுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் பேரிங் போய்விடும். ஒட்டும் பரப்பில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பல சீலன்ட்கள் முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். டியூப்பில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

லீக் என்றதும் சம்ப் போல்ட்டை இன்னும் இறுக்குவது வேறு வம்பு. 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அதற்கு மேல் போனால் தகர விளிம்பு துளைகளைச் சுற்றி வளைந்து, துளைகளுக்கு நடுவே இடைவெளி விழும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் எடுங்கள்.

கசிந்த ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் பார்த்து, பின்பக்க சீல்தான் என்று உறுதியானால் கியர்பாக்ஸை இறக்கலாம். அப்போதும் ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் பாருங்கள். சில எஞ்சின்களில் அந்தத் துளைகள் கிராங்க் கேஸ் வரை போகும். மரையில் சீலன்ட் இல்லாவிட்டால் அதன் வழியாகவே ஆயில் வரும். கிராங்க்கில் சீலின் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புது சீலும் அங்கே நிற்காது. தேய்ந்த இடத்தின் மேல் ஏற்றும் மெல்லிய உறையான ரிப்பேர் ஸ்லீவ் போட வேண்டும். ரப்பர் சீலின் உதட்டில் ஆயில் தடவி ஏற்றுங்கள். டெஃப்லான் வகை என்றால் உலர்ந்தபடியே ஏற வேண்டும். ஆயிலில் ஊறிய கிளட்ச் பிளேட்டைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள், வழுக்கும்.