கசடு மாதிரியைத் தொட்டியடியிலேயே குளிரவையுங்கள்

மலேசியாவின் பினாங்கில், நிபோங் தெபால் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் கழிவுநீரைக் காற்றில்லாமல் மீத்தேனாக்கும் தொட்டிகள் உண்டு. அவற்றிலிருந்து பிறையில் உள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வரும் கசடு பாட்டில்களில் சிலவற்றைத் திறக்கவே வேண்டாம். மூடி உப்பியிருப்பதே போதும், கொழுப்பு அமிலங்களை அளக்கும் சோதனை கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். வெயிலில் நின்ற வேனுக்குள் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடர்ந்திருக்கின்றன. ஒரு கூட்டம் அமிலத்தை உண்டாக்கும், இன்னொரு கூட்டம் அதைத் தின்று மீத்தேனாக்கும். அசெட்டிக் அமிலம் வழியிலேயே ஏறியிருக்கலாம், இறங்கியும் இருக்கலாம். புரோப்பியோனிக் அமிலம் தொட்டியில் ஏறிக்கொண்டிருந்தாலும் அறிக்கையில் தெரியாமல் போகலாம். அதை நம்பி ஆலைக்காரர் கழிவுநீரை வழக்கம்போல் விட, தொட்டி புளித்துப்போகும்.

குழாயைத் திறந்தவுடன் பிடிக்காதீர்கள். தேங்கியிருந்த பழைய கசடு வடியட்டும். 55 டிகிரியில் ஓடும் தொட்டியென்றால், ஒரு லிட்டர் பாட்டில் ஆறுவதற்குள் நேரம் போய்விடும். சிறிய பிளாஸ்டிக் பாட்டில்களில் கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கலந்த பெட்டியில் அமிழ்த்துங்கள். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகினால் அவ்வளவு சீக்கிரம் குளிராது. 4 டிகிரியில் வந்து அன்றே சோதித்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

தாமதமாகும் என்றால், சுழற்றிப் பிரித்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த தெளிநீரில் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே இறக்கி, மைனஸ் 20-இல் உறையவையுங்கள். கசடை அப்படியே உறையவைத்தால் செல்கள் உடைந்து உள்ளே இருப்பதும் கலந்துவிடும்.

அமிலம் சேர்க்கும்போது பைகார்பனேட் நுரைத்துப் பொங்கும், கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வரும். அது விஷவாயு. மூடிய அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். நுரை அடங்கியதும் இறுக மூடிவிடுங்கள். அந்த பிஎச்-இல் அசெட்டிக், புரோப்பியோனிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் சுலபமாக ஆவியாகும். எந்த அமிலம் என்பதை ஆய்வுக்கூடத்திடமே கேளுங்கள். கேஸ் குரோமட்டோகிராபிக்கு (அமிலங்களை ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறைக்கு) நாங்கள் பாஸ்பாரிக் அமிலத்தைத்தான் விரும்புவோம். கந்தக அமிலம் கருவியின் பிரிப்புக் குழாயை (column) கெடுக்கும்.

பலரும் கோட்டைவிடுவது இன்னொன்று: காரத்தன்மைச் சோதனைக்குத் தனி பாட்டில் வேண்டும், அதில் ஒரு சொட்டு அமிலமும் படக்கூடாது.

எடுத்த நேரம், தொட்டியின் வெப்பநிலை, சேர்த்த அமிலம் மூன்றையும் பாட்டிலிலேயே எழுதுங்கள். அப்புறம், தைப்பூசத்துக்கு முதல் நாள் மாலையில் தயவுசெய்து அனுப்பாதீர்கள். பாட்டில் காவலர் அறையிலேயே கிடக்கும்.