பார்ட்டிங் பிளேடுக்கு எந்த இன்சர்ட்?

கார் நெல் அறுவடை நெருங்கினால் திருநெல்வேலி பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைகளில் டிராக்டர் வேலை குவிந்துவிடும். ஒரு வருடம் எங்களிடம் டிரெய்லரை மாட்டும் இரும்பு ‘பின்’ நூறு கேட்டு வந்தார்கள். 40 மி.மீ. ஈ.என். 8 ராடு, நடுத்தரக் கார்பன் எஃகு. கடைந்து, நுனியை மழுக்கி, கடைசியில் பார்ட்டிங் போட்டு, அதாவது சுற்றுகிற ராடுக்குள் ஒடுக்கமான பிளேடை இறக்கி, அறுத்து எடுக்கவேண்டும். ஏழாவது பின்னில் இன்சர்ட், அதாவது பிளேடின் வாயில் மாட்டும் சின்ன வெட்டுத் துண்டு, நுனி உடைந்தது. பிளேடைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் டூல்ஸ் கடைக்குப் போனேன்.

“3 எம்.எம். தானே அண்ணாச்சி? மூணு ரகம் கெடக்கு, பாத்து எடுங்க” என்று கடைக்காரர் கண்ணாடி மேல் மூன்று இன்சர்ட்டை வைத்தார். ஒன்று தங்க நிறம். ஒன்று கத்திரிப்பூ நிறம் ஓடிய கறுப்பு. மூன்றாவது பூச்சே இல்லாமல் வெள்ளி போலப் பளபளத்தது. மூன்றும் ஒரே அகலம், மூன்றும் என் பிளேடில் உட்கார்ந்தன. தங்க நிறத்தை வாங்கி வந்தேன். இரண்டாவது பின்னிலேயே அது சுக்குநூறாகிவிட்டது. போகிற போக்கில் பிளேடின் வாயையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு போனது.

அளவு சரி, உட்கார்ந்த விதம் சரி, பொருளும் நல்ல பொருள்தான். அப்புறம் ஏன் உடைந்தது? லேத் தட்டில் கிடந்த, வெட்டுப்பட்ட இரும்புச் சுருளை எடுத்துப் பார்த்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

வெளிவட்டம் கடையும்போது வெட்டுப்பட்ட இரும்பு எப்படி வேண்டுமானாலும் ஓடலாம், டூலுக்கு ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளி. பார்ட்டிங்கில் இடமும் வலமும் சுவர். கிணறு வெட்டுகிற கதைதான். பணகுடி, ராதாபுரம் பக்கம் பாறையில் கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லை உடைப்பதைவிட உடைத்த கல்லை மேலே ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஏற்றாமல் விட்டால் உள்ளே நிற்கிறவருக்கே கால் வைக்க இடம் இருக்காது. 3 மி.மீ. அகலப் பள்ளத்தில் 20 மி.மீ. ஆழம் இறங்குகிற இன்சர்ட்டின் நிலைமையும் அதேதான். போதாக்குறைக்கு இரும்பு வெட்டுப்படும்போது அமுங்கித் தடிக்கும். சுற்றுக்கு 0.1 மி.மீ. வெட்டினால் வருகிற சுருள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனமாக இருக்கும், பக்கவாட்டிலும் பிதுங்கப் பார்க்கும். பள்ளத்தின் அகலத்துக்கே சுருளும் வந்தால் சுவரில் உரசும், இறுகும், அடைத்துக்கொள்ளும். ராடைப் பிடித்திருக்கும் சக் நிற்காமல் சுற்றுகிறது, இரும்புக்குப் போக வழியில்லை. உடைய வேண்டியது இன்சர்ட்தான்.

ஆகவே பார்ட்டிங் இன்சர்ட்டுக்கு முதல் வேலை வெட்டுவது என்றால், அதற்குச் சமமான இன்னொரு வேலை, வெட்டியதைப் பள்ளத்தைவிட ஒடுக்கமாக மடித்து வெளியே அனுப்புவது. கறுப்பு இன்சர்ட்டை லென்ஸில் வைத்துப் பாருங்கள். வெட்டும் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், நடுவில் ஒரு குழி இருக்கும். அதன் இரு கரையும் மேடு. மேலேறி வருகிற இரும்புத் தகட்டின் நடுப்பாகம் குழியில் அமுங்கும், ஓரங்கள் மேட்டில் ஏறும். வெற்றிலையை நடுநரம்பில் லேசாக மடித்த மாதிரி தகடு வளைந்து, அகலம் குறைந்துவிடும். குழியின் பின்சுவர் அதை முன்பக்கமாகச் சுருட்டும். கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி தன்மேலேயே சுற்றிக்கொண்டு, சுற்று பெரிதானதும் ஒடிந்து கீழே விழும். ஆறிய சுருள் ஒன்றை எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள், 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அந்தக் கொஞ்சம்தான் எல்லாம்.

நான் வாங்கிய தங்க நிற இன்சர்ட்டின் முகம் தட்டையாக இருந்தது. வார்ப்பிரும்பு மாதிரித் தூளாக உதிரும் பொருளுக்கு அது போதும், மடிக்க அங்கே சுருளே கிடையாது. ஈ.என். 8 தூளாகாது, நாடாவாக வரும். தட்டில் கிடந்த சுருளின் இரு ஓரமும் உரசி மினுமினுத்தன.

இதிலிருந்தே ஃபீடு (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) பற்றிய பாடமும் வருகிறது. உடைந்துவிடுமோ என்று பயந்து, கைப்பிடியை மயிரிழையாகத் தள்ளுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் பழகினேன். ஃபீடு மிகக் குறைந்தால் வருகிற தகடு காகிதம் போல மெலிந்திருக்கும். குழிக்குள் அழுந்தாமல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு நீள நாடாவாக வந்து ராடைச் சுற்றும். இன்சர்ட் வெட்டாமல் தேய்க்கும், பிளேடு கத்தும். 3 மி.மீ. இன்சர்ட்டுக்கு எஃகில் சுற்றுக்கு 0.05 முதல் 0.15 மி.மீ. வரை என்பது பொதுவான வரம்பு. பல பெட்டிகளிலேயே அச்சடித்திருப்பார்கள். கத்தினால் ஆர்.பி.எம்.மை, அதாவது நிமிடச் சுற்றை, குறையுங்கள், ஃபீடைக் குறைக்காதீர்கள். முடிந்தால் கையை விட்டுவிட்டு ஆட்டோ ஃபீடு போடுவது நல்லது.

அடுத்த சிக்கல் நடு மையத்தில். 600 ஆர்.பி.எம்.மில் 40 மி.மீ. ராடின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 75 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிளேடு உள்ளே இறங்கி விட்டம் 10 மி.மீ. ஆகும்போது அது 19 மீட்டருக்கு வந்துவிடும். 2 மி.மீ.யில் 4 மீட்டர்கூட இல்லை. நட்டநடுவில் பூஜ்ஜியம். கணினி ஓட்டும் சி.என்.சி. லேத்தில் விட்டம் குறையக் குறையச் சுழற்சியைக் கூட்டிக்கொடுக்கலாம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, மையத்தில் வேகம் எப்படியும் செத்துவிடும். இன்சர்ட் கார்பைடால் ஆனது, அது வேகத்தில் வெட்டத் தோதான பொருள். மெதுவாகப் போனால் இரும்புத் துணுக்கு நுனியில் அப்பும். அப்பியது பிய்ந்து போகும்போது நுனியையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். மையத்துக்கு வந்தபின் அங்கே வெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, வெறும் நெருக்கல்தான். அதனால் மையத்துக்கு 2 மி.மீ. இருக்கும்போதே ஃபீடைக் கால்வாசிக்கு இறக்கிவிடவேண்டும். நுனி உயரம் மையத்தோடு 0.1 மி.மீ.க்குள் ஒத்துப்போகவேண்டும். தாழ்ந்திருந்தால் நடுவில் பெரிய முனை ஒன்று மிச்சம் நிற்கும், உயர்ந்திருந்தால் இன்சர்ட்டின் அடிமுகம் உரசும்.

வெளிவிளிம்பில் வேகம், மையத்தில் நெருக்கல். இரண்டையும் ஒரே நுனி தாங்கவேண்டும் என்பதால்தான் கிரேடு, அதாவது கார்பைடின் ரகம், என்ற பேச்சு வருகிறது. நம் பட்டறைகளில் கார்பைடை இன்றும் ‘விடியா’ என்றுதான் பலரும் சொல்கிறோம். அது ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர், ‘வைரம் போல’ என்று பொருள். பல்பு செய்யும் ஆஸ்ராம் நிறுவனத்தில் டங்ஸ்டன் கம்பியை மெல்லியதாக இழுக்க வைர அச்சுகளைப் பயன்படுத்தினார்கள். விலை தாங்காமல் மாற்று தேடியபோது கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட்டோடு கலந்து அழுத்திச் சூளையில் வைத்துக் கெட்டியாக்கினார். 1923இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்தார். கிருப் நிறுவனம் அதை வாங்கி, 1926இல் விடியா என்று பெயரிட்டது. இன்றைக்கும் செய்முறை அடிப்படையில் அதுதான். கார்பைடு மணிகள் கல், கோபால்ட் அவற்றைப் பிடித்துவைக்கும் காரை. காரை கூடினால் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். குறைந்தால் தேயாது, தட்டினால் சில்லு பெயரும். பெட்டியில் பி10, பி20, பி30, பி40 என்று போட்டிருப்பது இந்த வரிசையைத்தான். எண் கூடக்கூட அடி தாங்கும் குணம் கூடும். சும்மா கடைவதற்குச் சின்ன எண் நல்லது. பார்ட்டிங்குக்கு, அதுவும் வயதான லேத்தில், பெரிய எண்ணின் பக்கம் போவதே நல்லது என்பது என் அனுபவம். சீக்கிரம் தேய்கிற நுனியை மாற்றிக்கொள்ளலாம், உடைகிற நுனி பிளேடையும் கூட்டிக்கொண்டு போகும்.

பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை. தங்க நிறம் என்பது பெரும்பாலும் டைட்டானியம் நைட்ரைடு, கறுப்பும் கத்திரிப்பூவும் பெரும்பாலும் அலுமினியம் சேர்ந்தது. நிறத்தைவிட எப்படிப் பூசினார்கள் என்பது முக்கியம். வாயுக்களின் வேதிவினையால் படியவைக்கும் சி.வி.டி. முறையில் 1000 டிகிரிக்குப் பக்கத்தில் பூசுகிறார்கள். பூச்சு தடிமனாக இருக்கும், விளிம்பும் சற்று உருண்டுவிடும். வேகமான, ஆட்டமில்லாத வேலைக்கு அது நன்றாக உழைக்கும். பி.வி.டி. என்பது உலோகத்தை ஆவியாக்கி 500 டிகிரி அளவில் பூசுவது, சில மைக்ரான்தான். விளிம்பு கூர்மை குறையாமல் நிற்கும், மைய நெருக்கலில் சில்லு பெயர்வது குறையும். பார்ட்டிங்குக்கு இது.

பெட்டியின் வண்ணக் கட்டத்தைப் படிக்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். நீலம் பி, எஃகுக்கு. மஞ்சள் எம், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு. சிவப்பு கே, வார்ப்பிரும்புக்கு. பச்சை என், அலுமினியம் பித்தளைக்கு. கடையில் பளபளத்த அந்த மூன்றாவது இன்சர்ட் பச்சைக்காரர். அலுமினியத்தில் வெண்ணெய் போல இறங்கும், எஃகில் வைத்தால் கதை முடிந்தது. மோட்டார் புஷ்ஷுக்குப் பித்தளை வெட்டுகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். மேல்முகம் அதிகமாகப் பின்சாய்ந்த கூரான இன்சர்ட்டைப் பித்தளை தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். டூலை ராடை நோக்கித் தள்ளும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இருந்தால் ஒரே இழுப்பில் பிளேடு போய்விடும். அங்கே தட்டை முகமே பாதுகாப்பு. நான் தவறாக வாங்கிய இன்சர்ட் வகைக்கும் இப்படி ஒரு நல்ல இடம் இருக்கிறது.

அகலத்துக்கு வருவோம். ஒடுக்கமான இன்சர்ட் இரும்பை மிச்சப்படுத்தும். 40 மி.மீ. ராடு மீட்டருக்குப் பத்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நூறு வெட்டில் வெட்டுக்கு 1 மி.மீ. குறைந்தால் ஒரு கிலோ மிச்சம். ஆனால் பக்கவாட்டு விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 2 மி.மீ. பிளேடு 3 மி.மீ. பிளேடைப் போல மூன்றில் ஒரு பங்குகூட விறைப்பாக இருக்காது. வெளியே நீட்டும் நீளத்துக்கும் அதே மும்மடிக் கணக்கு எதிராக வேலை செய்யும், இரண்டு மடங்கு நீட்டினால் எட்டு மடங்கு வளையும். அதனால்தான் அகலத்தைப்போல எட்டு மடங்குக்கு மேல் ஆழம் போகாதே என்று சொல்வார்கள். 40 மி.மீ. ராடுக்கு ஆழம் 20. 3 மி.மீ. இன்சர்ட் 24 வரை தாங்கும், 2 மி.மீ. 16லேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் நுனி உள்ள இன்சர்ட் மலிவாகத் தெரியும், ஆனால் ஆழம் அதன் நீளத்தை நெருங்கினால் பின்நுனியும் பள்ளத்துக்குள் போகவேண்டிவரும். ஆழமான வெட்டுக்கு ஒற்றை நுனியே சரி.

நுனி நேராக இருக்கலாம், சாய்வாகவும் இருக்கலாம். அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைகிறவர்கள் கடைசியில் உளியைச் சற்றுச் சாய்த்துத்தான் அறுத்தெடுப்பார்கள், விழுகிற சொப்பின் அடியில் முனை நிற்காது. சாய்ந்த இன்சர்ட்டும் முனையை ராடின் பக்கம் விட்டுவிட்டுப் பீஸைச் சுத்தமாகக் கொடுக்கும். மரம் மன்னிக்கும், எஃகு மன்னிக்காது. சாய்வு பிளேடை ஒரு பக்கமாகத் தள்ளுவதால், ஆழமாகப் போனால் முகம் குழிந்தோ புடைத்தோ வரும். என் பின்களுக்கு முனையைப் பிறகு கிரைண்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று நேர் நுனியே எடுத்தேன்.

கடைசியாகச் சீட், அதாவது பிளேடில் இன்சர்ட் உட்காரும் இடம். கடைசல் இன்சர்ட்டுகளில் சி.என்.எம்.ஜி. 120408 என்று கேட்டால் எந்த நிறுவனத்துடையதும் பொருந்தும், அதற்கு உலகப் பொதுவான விதி உண்டு. பார்ட்டிங்கில் பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு சீட். எம்.ஜி.எம்.என். 300, எஸ்.பி. 300, ஜி.டி.என். 3 எல்லாமே ஏறத்தாழ 3 மி.மீ.தான், ஒன்றின் சீட்டில் இன்னொன்று ஒழுங்காக உட்காரும் என்று நம்பி வாங்கக்கூடாது. உள்ளே போனது என்பதற்காகப் பொருந்தியது என்று அர்த்தமில்லை. பிளேடில் எண் அழிந்திருந்தால் பழைய இன்சர்ட்டின் மிச்சத்தையும் பிளேடையும் சேர்த்தே கடைக்குக் கொண்டுபோங்கள். சீட்டைத் துணியால் துடைத்து, இன்சர்ட்டை மாட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பின்சுவரில் வெளிச்சம் ஒழுகக்கூடாது. விரலால் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக்கூடாது. ஆணியே இல்லாத பிளேடில் வெட்டும் விசைதான் இன்சர்ட்டை உள்ளே தள்ளி இறுக்குகிறது. வாய் விரிந்த பிளேடில் எத்தனை நல்ல இன்சர்ட் வைத்தாலும் அது ஆடி உடையும். சுத்தியலால் அடித்து ஏற்றுவது கூடவே கூடாது, கைச்சாவியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் மரக்கட்டையால் மெல்லத் தட்டுங்கள்.

என் பிளேடு வாய் போய்விட்டதால் புதுப் பிளேடும், கறுப்பு இன்சர்ட் இரண்டும் வாங்கி வந்தேன். நுனி உயரத்தைச் செட் பண்ணி, கூலன்ட் விட்டுவிட்டு வராமல் சீராக ஊற்றும்படி குழாயைத் திருப்பி, ஆட்டோ ஃபீடு 0.1இல் போட்டேன். கத்தல் இல்லை. ஒரே சீரான சீறல், சூடான சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி. பள்ளத்திலிருந்து சுருள் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு வந்து தட்டில் உதிர்ந்தது. மையத்துக்கு முன்னால் கையில் எடுத்து ஃபீடை இறக்கினேன். அந்தப் ‘பின்’ சத்தமில்லாமல் விழுந்தது, நடுவில் மிளகளவு முனையோடு. மீதியெல்லாம் மறுநாள் மாலைக்குள் முடிந்தது. இரண்டாவது இன்சர்ட் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.